ஐம்பது பீஸும் ஒரு ஜெர்மன் பேண்ட் செட்டும்

பெங்களூருக்கு வெளியே பொம்மசந்திராவில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எங்கள் தொழிற்சாலைக்குள் ஒரு ராக் இசைக்குழு பிறந்தது. ஏறக்குறைய நான்கு மாதம் வாழ்ந்தது. நால்வரும் ஜெர்மன்காரர்கள். அது முடிந்துபோனதில் நான் எழுதிய அளவுச் சீட்டுக்கும் பங்கு உண்டு. அதை நினைத்துப் பெருமையும் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை. எப்படி நடந்தது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப யோசிக்கப் பிடித்திருக்கிறது.

நான்கு பேரும் பாட்டுப் பாட வந்தவர்கள் அல்ல. டீசல் பம்புக்குள் போகிற, சுண்டுவிரல் அளவுள்ள ஒரு எஃகு உருளையைத் தேய்த்து வழவழப்பாக்கும் கிரைண்டிங் மெஷின் ஒன்று அவர்கள் நாட்டிலிருந்து வந்திருந்தது. அதை நிறுவி, ஓட்டிக் காட்டி, எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஆறு வாரத்து வேலை என்றுதான் வந்தார்கள்.

ஒப்படைப்பதற்கு ஒரு சோதனை இருந்தது. தொடர்ந்து ஐம்பது பீஸ் ஓட்ட வேண்டும். ஐம்பதும் அளவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் எங்கள் ஆபரேட்டராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜெர்மன்காரர்கள் மெஷின் பக்கமே வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதனை ஆரம்பிக்கும். ஒரு பீஸுக்கு ஐந்து நிமிடம். முடிய ஆறு மணிக்கு மேல் ஆகும்.

வந்த பீஸ்களை அளப்பது என் வேலை. அளவு அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். இரண்டு கதவு, விளிம்பெல்லாம் ரப்பர், தடித்த கண்ணாடி. உள்ளே போய்விட்டால் வெளியே லாரி மோதினாலும் கேட்காது. அங்கே இருந்த ஒரு கருவி உருளையைச் சுற்றித் தொட்டுப் பார்த்து அதன் வட்டத்தைக் காகிதத்தில் வரையும். நல்ல பீஸ் என்றால் சுத்தமான வட்டம் வரும். கெட்ட பீஸ் என்றால் சோடா மூடியின் விளிம்பு மாதிரி மடிப்பு மடிப்பாக வரும். கண்ணுக்கு இரண்டு பீஸும் ஒன்றாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா காக்ஸ் டவுன் பக்கம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், அம்மா கார்மென்ட்ஸில். ஜீவனஹள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்த்து இன்னொருவர் ஒரு முடிவெடுப்பார் என்பதே எனக்குப் புதிது. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

முதல் சோதனையில் பதினோரு பீஸ் கெட்டது. அது எதிர்பார்த்ததுதான். அடுத்ததில் நாலு. இனி ஒரு வாரத்தில் ஊருக்குப் போய்விடலாம் என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அவர்களுக்குச் சலிப்பு வந்தது. சோதனை நடக்கும் நாலு மணி நேரமும் மெஷின் பக்கம் போகக் கூடாது. இரண்டு மணி நேரம் காகித வேலை இருக்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது?

மின்சார வேலை பார்த்தவர் அவர்கள் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸில் ஒரு கிடார் வைத்திருந்தார். ஒல்லியான, யாரிடமும் பேசாத ஆள். ஒரு நாள் அதைக் கொண்டுவந்தார். மெஷினுக்குப் பின்சுவரை ஒட்டி, இன்னும் பயன்பாட்டுக்கு வராத பேக்கிங் ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கே உட்கார்ந்து வாசித்தார். மற்ற இருவர் வேறு கிடார்கள் வாங்கினார்கள். நாலாமவர், ஐம்பது வயதைத் தாண்டிய பெரிய உருவம், மெஷினை அடித்தளத்தில் உட்கார வைக்கிற ஃபிட்டர். இளவயதில் டிரம் அடித்ததாகச் சொன்னார்.

டிரம்முக்கு வழி செய்தவர் எங்கள் ஆபரேட்டர் அண்ணாதான். ஆனேக்கல் பக்கத்து ஆள், காண்டிராக்டில் இருந்தார். அவருடைய மச்சான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தார். அங்கே புது டிரம் வாங்கியதால் பழசு சும்மா கிடந்தது. ஒரு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி அண்ணாவே கொண்டுவந்து இறக்கினார்.

“இந்தா இன்ஸ்பெக்டர்,” என்றார் என்னைப் பார்த்து. எனக்கு அவர் வைத்த பெயர் அது. “இதையும் அளந்து பாரு. வட்டமா இருக்குதா?”

முதல் நாள் டிரம் அடிக்க அடிக்க, பெயின்ட் பூசிய வழுக்குத் தரையில் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போனது. ஃபிட்டர் பின்னாலேயே ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அது நகரவில்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர்களுடைய பாட்டு எனக்குப் புதிராக இருந்தது. பகலில் ‘காலை வணக்கம்’ என்பதைக்கூடத் தரையைப் பார்த்துச் சொல்கிற ஒல்லி ஆள், மைக் முன்னால் நின்றால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். ஏதோ புரட்சி, பெரிய துரோகம், செத்துப்போன காதலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டீ மெஷின் பக்கத்தில் நின்றபோது, அதிகமாகக் கத்துகிற அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“பேரிங் கஸ்டம்ஸில் இருக்கிறது. ஒன்பது நாளாக இருக்கிறது. ஃபாரம் கேட்டார்கள், கொடுத்தோம். இன்னொரு ஃபாரம் கேட்கிறார்கள்.”

“அவ்வளவுதானா?”

“இரண்டாவது பத்தியில் மழை வருகிறது,” என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. தங்களுக்கு நடந்ததை மட்டும்தான் அவர்கள் பாடினார்கள். ஓசூர் ரோட்டில் பஸ் நின்றுபோன கதை ஒரு பாட்டு. கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் உருளைக்கிழங்கில் போடுகிற பச்சை மிளகாய் ஒரு பாட்டு.

ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்த பிறகு, பேண்ட் செட்டை வாசிக்கச் சொன்னார்கள். அப்படித்தான் தொழிலாளர்கள் அவர்களை அழைத்தார்கள், ஜெர்மன் பேண்ட் செட்டு. கஸ்டம்ஸ் பாட்டுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஆடினார்கள். ஸ்டோர்ஸ்காரர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “இது நம்ம பாட்டுப்பா, இன்னொரு தபா போடச் சொல்லு” என்றார். மூன்று தடவை பாடினார்கள். அதற்குப் பிறகு பக்கத்துத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள், ஒரு அபார்ட்மென்ட் விழாவில் கூப்பிட்டார்கள். கடைசியாகச் சிட்டிக்குள் பெரிய பீர் ஹால் ஒன்றில் ஒரு சனிக்கிழமைக்குக் கூப்பிட்டார்கள். நாலு முகத்தையும் போட்டு போஸ்டர் அடித்தார்கள். ஒல்லி ஆள் அதை மொபைலில் வைத்துக்கொண்டு கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

ஆறு வாரத்து வேலை நான்கு மாதமாக இழுத்ததால்தான் இத்தனையும் நடந்தது. சோதனை ஒவ்வொரு தடவையும் தோற்றது. முதல் இருபத்துச் சொச்சம் பீஸ் சுத்த வட்டம். அதற்குப் பிறகு சோடா மூடி. ஜெர்மன்காரர்கள் தேய்க்கிற கல்லை மாற்றினார்கள், சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்டை மாற்றினார்கள், கஸ்டம்ஸிலிருந்து வந்த பேரிங்கையும் மாற்றினார்கள். புதன்கிழமை அவர்களே ஓட்டிப் பார்த்தால் ஐம்பதும் நன்றாக வரும். வியாழக்கிழமை அண்ணா ஓட்டினால் பாதி கெட்டுப்போகும்.

புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அதிலிருந்து ஒரு முடிவு கிடைத்துவிட்டது. அவர் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

“நோடப்பா, இதைப் பாரு,” என்றார் என்னிடம், என் சீட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு. “மெஷின் ஒண்ணு. மெட்டீரியல் ஒண்ணு. மாறுறது என்ன? கை. சாயங்காலம் ஆனா பஸ் ஞாபகம் வந்திடுது அவருக்கு. பீஸ் மாட்டுற இடத்தைத் துடைக்காம மாட்டுறார். நீ எழுதினதுதானே இது?”

“அளவு நான் எழுதினதுதான் சார். துடைக்கிறதைப் பத்தி எழுதலையே.”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

அன்றைக்கே அண்ணாவிடம் சொல்லிவிட்டார்: இன்னும் இரண்டு மூன்று சோதனை பார்ப்பேன், சரியாகவில்லை என்றால் காண்டிராக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவேன். மெஷினைக் கெடுத்தார் என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அந்த ஏரியாவில் வேறு கம்பெனியிலும் மெஷின் கொடுக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாக மெஷின் ஓட்டியவர் மூட்டை தூக்கப் போக வேண்டியிருக்கும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டில் பார்த்தே எனக்குத் தெரியும். அதற்கு ஆதாரமாகப் போகிற காகிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அண்ணா சண்டை போடவில்லை. துணியை நாலாக மடித்து, ஒவ்வொரு பீஸுக்கும் இரண்டு தரம் துடைத்தார். நான் போய் நின்று பார்த்தேன்.

“இன்னா பாக்குற?”

“ஒண்ணுமில்லண்ணா. ட்ரேல ஒவ்வொரு பீஸ் பக்கத்துலயும் டைம் எழுதி வைக்கிறீங்களா?”

“ஏன், ஜாதகம் எழுதப் போறியா?” என்றார். ஆனால் எழுதினார்.

அடுத்த வியாழக்கிழமை ஐம்பதில் ஐம்பதும் சுத்த வட்டமாக வந்தது. கருவிதான் கெட்டுப்போய்விட்டதோ என்று திரும்ப அளந்தேன். ஐம்பதும் சரி. ஒப்படைக்க வேண்டும் என்றால் அதே மாதிரி அடுத்தடுத்து இரண்டு தடவை வர வேண்டும். மேனேஜர் சிரித்தார். “பார்த்தியா? ஒரு வார்த்தை சொன்னேன். கை தானா சரியாயிடுச்சு.” அது அண்ணாவுக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. இதுவரை வேண்டுமென்றே சரியாகச் செய்யவில்லை என்றல்லவா ஆகிறது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் இருபத்தாறாவது பீஸிலிருந்து கெட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அன்றைக்கு மட்டும் ஜீவனஹள்ளிப் பக்கம் மச்சான் வீட்டில் தங்கியிருந்தார். முகம் வாடியிருந்தது. பேச வேண்டுமே என்று நான் எதையோ பேசினேன்.

“போன வியாழக்கிழமை நல்லா வந்துச்சேண்ணா. அன்னைக்கு என்ன வேற மாதிரி பண்ணீங்க?”

“நானா? ஒண்ணும் பண்ணல. அன்னைக்குதான் வேலையே ஓடல எனக்கு. பேண்ட் செட்டு இல்ல. டிரம் அடிக்கிற பெரியவருக்கு வயித்தால போயிடுச்சு, பானி பூரி துன்னுட்டாரு. பாட்டு இல்லாம செம பேஜாருபா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் கண்ணாடி அறைக்குள் இருக்கிறவன். எந்த நாள் பாட்டு இருந்தது, எந்த நாள் இல்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவர் அண்ணா. ஆனால் வட்டத்தைப் பார்க்கிறவன் நான்.

அறைக்குப் போனதும் செவ்வாய்க்கிழமைச் சீட்டுகளை நேரப்படி அடுக்கினேன். நாலு மணிக்கு மேல் எல்லாமே கெட்டிருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நடுவில் நாலு பீஸ் சுத்தமாக இருந்தன. பேண்ட் செட்டுக்காரர்கள் டீ குடிக்கிற நேரம். மறுநாள், வியாழக்கிழமை, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய், பாட்டுக் கேட்கிறவன் மாதிரி நின்றேன். ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கிற நிமிடம், முடிகிற நிமிடம் எழுதினேன். ஒல்லி ஆள் பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரசிகன் கிடைத்துவிட்டான் என்று நினைத்திருப்பார். பிறகு அளந்தேன். பாட்டுக்கு நடுவில் தேய்ந்த பீஸ் எல்லாம் சோடா மூடி. பாட்டு நின்றபோது தேய்ந்தவை வட்டம்.

அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கக் கூடாது. கணக்குப் போட்டு விடை வந்த சந்தோஷம். அது அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. இதைச் சொன்னால் பாட்டு நிற்கும். பீர் ஹால் நிகழ்ச்சிக்கு இன்னும் பதினாறு நாள். சொல்லாவிட்டால் வருகிற செவ்வாய்க்கிழமை அண்ணாவின் கடைசிச் சோதனை. மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஃபிட்டரைத் தேடிப் போய் நோட்டைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். டிரம்முக்கு அடியில் விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினார். கீழே ஒரு இரும்புத் தகடு. தகட்டை நாலு போல்ட் தரையோடு சேர்த்துப் பிடித்திருந்தது. மெஷினுக்குப் போடுகிற அதே போல்ட். கான்கிரீட்டில் துளை போட்டு, பசை ஊற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கியது.

“டிரம் நகர்ந்துகொண்டே போனது, இல்லையா,” என்றார். “முப்பது வருடமாக எனக்கு ஒரே வேலை. நகர்கிற பொருளைத் தரையோடு இறுக்குவது. யோசிக்காமலே கை செய்துவிட்டது.” குனிந்து ஒரு போல்ட்டைத் தட்டினார். “நன்றாகத்தான் இறுக்கியிருக்கிறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் அதே கான்கிரீட்டின் மேல்தான் மெஷின் நின்றது.

மற்ற மூவரையும் அவர் அங்கேயே கூப்பிட்டார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்தில் சொன்னார். ஒல்லி ஆள் நோட்டைக் கையில் வாங்கவே இல்லை.

“இன்னும் பன்னிரண்டே நாள்,” என்றார். “அது முடிந்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாதா?”

“பன்னிரண்டு நாள்தான். ஆனால் நாளைக்கு அந்த மனிதரை அனுப்பிவிடுவார்கள்.”

“டிரம் இல்லாமல் வாசிக்கலாம். யாருக்கும் சொல்லாமல் போல்ட்டைக் கழற்றலாம்.”

“கழற்றினால் நாளைக்கு நல்லதாக வரும். அவருடைய கை சரியாகிவிட்டது என்பார்கள். அதற்கு முன்னால் நான்கு மாதம் தப்பு செய்தார் என்றுதானே அர்த்தம்?” ஃபிட்டர் என்னைப் பார்த்தார். “ஒரு நோட்டுப் போதாது. சோதித்துக் காட்ட வேண்டும்.”

செவ்வாய்க்கிழமைச் சோதனையைத் தள்ளிவைக்கும்படி அவரே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தச் சோதனை நடந்தது. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டிருந்தார்: முதல் பத்து பீஸ், மௌனம். அடுத்த பத்து, டிரம்மோடு பாட்டு. அடுத்த பத்து, டிரம் இல்லாமல் கிடாரும் பாட்டும். அடுத்து, போல்ட்டைக் கழற்றி ரப்பர் பாய் மேல் டிரம். கடைசிப் பத்து, மறுபடியும் போல்ட். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஒரே பாட்டுத்தான். கஸ்டம்ஸ் பாட்டையே திரும்பத் திரும்ப, நாலு சுற்று, ஐம்பது ஐம்பது நிமிடம் பாட வேண்டியிருந்தது.

அரை நாள் லீவு போனவர்கள்கூட வந்து நின்றார்கள். மெஷினைக் கேட்க வைப்பதற்காக ஒரு கச்சேரி என்று செய்தி பரவியிருந்தது. அண்ணா மெஷின் முன்னால் துணியை மடித்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றார். யாரோ, “அண்ணா, தாளம் தப்பாம பட்டனை அமுக்கு” என்றார்கள். ஒல்லி ஆள் ஃபிட்டருக்கு முதுகைக் காட்டி நின்று பாடினார். முதலில் கடனே என்றுதான் பாடியதாகச் சொன்னார்கள். இருபதாவது தடவைக்கு மேல் குரல் கிழிந்து, அந்தப் பாட்டு வேறு ஏதோவாக ஆகிவிட்டது, எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அழுதுவிட்டார் என்றார்கள். நான் கேட்கவில்லை. பத்து பத்தாக வந்த பீஸ்களைக் கண்ணாடிக்குள் அளந்துகொண்டிருந்தேன். வெளியே வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

முதல் பத்து, வட்டம். இரண்டாவது பத்து, சோடா மூடி. மூன்றாவது வட்டம். நாலாவது, ரப்பர் பாய், வட்டம். ஐந்தாவது சோடா மூடி. ஒன்றுகூட மாறவில்லை. ஐம்பது காகிதத்தையும் மேஜையில் பரப்பியபோது மேனேஜர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“டிரம்மா?” என்றார். பிறகு, “சரி விடு, ஆயிடுச்சு.”

அண்ணாவிடம் அவர் சொன்னதும் அதுவே.

ரப்பர் பாய் போட்டு அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஐம்பதும் வந்தது, வியாழக்கிழமையும் ஐம்பதும் வந்தது. மெஷின் கைமாறியது. அவர்கள் தலைமை அலுவலகம் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டது. வேறு நாட்டில் வேறு மெஷின் காத்திருந்தது. பீர் ஹால் மறுநாள். ஒரு நாள் தள்ளிப் போகிறேன் என்று ஒல்லி ஆள் ஃபோனில் அரை மணி நேரம் பேசினார். முடியாது என்றார்கள். மெஷின் ஓடாதவரை இருந்த குழு, மெஷின் ஓடியதும் இல்லாமல் போனது. ஃபிட்டரும் அவரும் ஒரே காரில் ஏர்போர்ட் போனார்கள். பேசிக்கொண்டார்களா என்று தெரியாது.

போவதற்கு முன் ஃபிட்டர் அறிக்கை எழுதினார். “வெளி அதிர்வு” என்று போட்டால் போதும் என்று மேனேஜர் கேட்டுப் பார்த்தார். அவர் ஒப்பவில்லை. டிரம்மைப் படம் வரைந்து, நாலு போல்ட்டுக்கும் எண் போட்டு, “என்னால் பொருத்தப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அதன் நகல் என் அறைக்கு வந்த அன்று அண்ணா கதவைத் தட்டினார்.

“அதுல நான் வர்றேனா?”

“வர்றீங்கண்ணா. மூணாம் பக்கம்.”

“படி.”

சாத்தியமான காரணங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. கல், கூலன்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் எதிரில் ஒவ்வொரு குறிப்பு. ஆபரேட்டர் என்ற வரிக்கு எதிரில் இரண்டே சொல். தமிழில் சொன்னேன்: “தாக்கம் இல்லை.”

“அப்படின்னா?”

“உங்களால பீஸுக்கு எந்த மாத்தமும் வரலன்னு அர்த்தம்.”

அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நாலு மாசமா எல்லாத்துக்கும் நான்தான் காரணம். இப்ப நான் இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணுன்னு எழுதிட்டாரா பெரியவரு?”

“அப்படி இல்லண்ணா…”

“சும்மா சொன்னேன் இன்ஸ்பெக்டர். இன்னொரு வாட்டி படி.”

படித்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், மறுபடி வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“நீயும் ஒரு கையெழுத்துப் போடு. அளந்தது நீதானே.”

அது என் சீட்டு இல்லை. நான் போடும் வழக்கமும் இல்லை. முதல் முறையாகச் சரிபார்க்காமல் போட்டுக் கொடுத்தேன்.